நானூறு மீட்டரில் ஒரு ஆள்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் எதையாவது விட்டுவிடத்தான் வருகிறார்கள். வேலையை விட்டவர், வீட்டை விட்டவர், பெண்டாட்டியை விட்டவர், வெளிநாட்டிலிருந்து விமானம் ஏறி வந்து செருப்பை விட்டவர் என்று எங்கள் ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு துறவி மேல்தான் விழ வேண்டும். இப்பேர்ப்பட்ட ஊரில் எதையுமே விட முடியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரால் விட முடியாதது காசோ காபியோ இல்லை, ஒரு துப்பாக்கி. அதுவும் அவருடையது இல்லை, சர்க்காருடையது. அதைத் திருப்பிக் கொடுத்தே பல வருஷம் ஆகிறது.

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'செவன் சிக்ஸ்டூ' என்று கேட்டால் கூரியர்காரர்கூட நேராக வாசலைக் காட்டிவிடுவார். அவர் பட்டாளத்தில் சேர்ந்த காலத்தில் கையில் கொடுத்த எஸ்.எல்.ஆர். என்ற ரைஃபிளின் தோட்டா அளவு அது, ஏழு புள்ளி ஆறு இரண்டு. நல்ல நீளம், நல்ல கனம், சுட்டால் தோளில் ஓர் உதை. பிற்பாடு பட்டாளம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, சின்னத் தோட்டா போடுகிற லேசான ரைஃபிளைக் கொடுத்தது. மற்றவர்கள் எல்லோரும் பாரம் குறைந்ததென்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். இவர் அதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து லேசான எதுவும் அவருக்கு ஆகாது. அவர் வீட்டு இரும்பு கேட்டின் கனம் தாங்காமல் தூண் சாய்ந்தது. தூணை இன்னும் கனமாகக் கட்டினார். ஹாலில் சுற்றும் ஃபேன் ஏதோ பழைய அலுவலக ஏலத்தில் எடுத்தது. அதை ஐந்தில் வைத்தால் எங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணி ஆடும். பிளாஸ்டிக் நாற்காலியை அவர் பார்க்கிற பார்வையில் அதற்கே கூச்சம் வந்துவிடும். கால் ஓர் இடத்தில் நிற்காது. காலையில் நான் கோலம் போடும்போது தெருவின் இந்த முனையில் இருப்பார், நிமிர்ந்தால் அந்த முனையில் இருப்பார், மறுபடி குனிந்தால் என் கோலத்தைத் தாண்டிக்கொண்டிருப்பார். அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிற எனக்கு அவரைப் பார்த்தாலே தலை சுற்றும்.

வழியில் மாட்டியவர்களிடம் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"நானூறு மீட்டர்ல ஒருத்தன் நிக்கிறான். உங்க கையில லேசான கார்பைன். அது அவ்ளோ தூரம் எட்டாது. என்ன பண்ணுவீங்க?"

பால்காரர் நிதானமாக யோசித்து, "பால் வேணுமானு கேப்பேன் சார்" என்றார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார். என்னிடம் கேட்டபோது, அவன் பாட்டுக்குப் போகட்டும் என்று விட்டுவிடுவேன் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, தன் தோட்டா செங்கல் சுவரைத் துளைத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் இருப்பவனையும், அவனுக்குப் பின்னால் இருப்பவனையும் சாய்க்கும் என்று விளக்க ஆரம்பித்தார். அன்று நான் அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு போட வேண்டியதாயிற்று.

ஒருநாள் காலை தெரு முழுக்க லட்டு கொடுத்தார். மகள் பவித்ராவுக்கு வரன் அமைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எதிர் வீட்டு அம்மா ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கட்டிப் பிடித்து, மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று கேட்டேவிட்டார். பவித்ரா கலங்கிப்போய் அப்பாவைப் பார்க்க, அவர் பேப்பரை நீட்டினார். பட்டாளம் மறுபடியும் பெரிய தோட்டா ரைஃபிள் வாங்கப்போவதாக ஒரு மூலையில் செய்தி. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டே போனார். லட்டும் கல் மாதிரி கனமாகத்தான் இருந்தது.

பவித்ராவுக்கு வரன் அமையாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதே இல்லை. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவர் நானூறு மீட்டரில் நிறுத்தினார். ஒரு சாஃப்ட்வேர் பையன், "வீடியோ கால்ல பேசிக்கலாம் அங்கிள்" என்றானாம். இன்னொருவன் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். அந்தப் பெண்ணோ வேலூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள், தங்கமான குணம். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம்தான் எல்லாவற்றையும் சொல்லுவாள். தன்னோடு வேலை செய்கிற தினேஷைப் பிடித்திருக்கிறது என்றும் முதலில் என்னிடம்தான் சொன்னாள். விசாரித்தால் தினேஷ் போளூர்ப் பையன், என் வீட்டுக்காரரின் பெரியம்மா பேரன். நான் உச்சி குளிர்ந்துபோனேன். அப்புறம்தான் தினேஷின் அப்பா நினைவுக்கு வந்தார்.

எனக்கு மாமா முறையாகும் அவர் ஆயுதப்படை போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸில் பெரும்பகுதி கார்பைன் தூக்கியவர். கார்பைன் என்றால் கையடக்கமான குட்டைத் துப்பாக்கி. அதைப் பற்றிப் பேசும்போது மாமாவின் முகத்தில் வருகிற குழைவு, தினேஷின் அம்மாவான அக்காவைப் பற்றிப் பேசும்போது வந்ததே இல்லை.

இந்த இரண்டு பேரையும் ஒரே ஹாலில் உட்கார வைக்க வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாமாவிடம் துப்பாக்கிப் பேச்சே கூடாது என்று சத்தியம் வாங்கினேன். இவரிடம் பவித்ராவே வாங்கினாள். ஹாலில் பனிமலையில் எஸ்.எல்.ஆரோடு நிற்கிற இவருடைய போட்டோ ஒன்று உண்டு. அதைக் கழற்ற அவர் விடவில்லை. சரி என்று அதன் மேலேயே ஒரு பெரிய மாதக் காலண்டரை மாட்டி மறைத்துவிட்டேன். எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பவித்ரா காபி கொடுத்தாள். தினேஷ் அவளை முன்பின் பார்த்தே அறியாதவன் மாதிரி நடித்தான், மோசமான நடிப்பு. செவன் சிக்ஸ்டூ மட்டும் ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே மழையைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசினார். அவ்வளவு சிரமப்பட்டு ஒரு மனிதர் தக்காளியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. புழுக்கத்துக்கு வியர்க்கிறதே என்று யாரோ ஃபேனை ஐந்தில் வைத்தார்கள்.

காலண்டர் அப்படியே மேலே எழும்பியது.

மாமா போட்டோவைப் பார்த்துவிட்டார். அவரும் பிரியமாகத்தான் சொன்னார், அதை நான் கோயில் வாசலிலேயே சொல்வேன். "நாங்களும் ஆரம்பத்துல இந்த உலக்கையைத்தான் தூக்கினோம். கார்பைன் வந்தப்புறம்தான் முதுகு நிமிர்ந்துச்சு."

நடந்துகொண்டிருந்த கால்கள் நின்றன. உலக்கையா என்று இவர் கேட்டார். பின்னே இல்லையா என்று அவர் கேட்டார். எட்டாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன பயன் என்றார் இவர். ஜீப்புக்குள் திரும்பாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு என்ன பயன் என்றார் அவர். ஒரு தோட்டா போதும், எழுந்திருக்க மாட்டான் என்றார் இவர். அந்தக் கனத்துக்கு நாங்கள் இரண்டு பங்கு தோட்டா தூக்குவோம் என்றார் அவர். நானும் அக்காவும் நடுவில் பஜ்ஜித் தட்டை நீட்டிப் பார்த்தோம், பயனில்லை.

"நீங்க மலையில இருந்தீங்க, நாங்க சந்துல இருந்தோம்" என்றார் மாமா. "உங்க ரைஃபிளைத் தூக்கிக்கிட்டு இந்த ஹால்லருந்து சமையக்கட்டுக்குத் திரும்புங்க பாப்போம். மூலையில இடிக்கலன்னா நான் ஒத்துக்கறேன்."

இவர் விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போய் ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தார். மாமா டீப்பாய் மேல் இருந்த பூரிக்கட்டையைக் கார்பைனாகக் கையில் எடுத்துக்கொண்டார். பூரிக்கட்டை எப்படி ஹாலுக்கு வந்தது என்று இன்று வரை தெரியவில்லை. முதலில் மாமா போனார். அறுபது வயசுக்கு அபாரமாக வளைந்து, சமையல்கட்டில் நுழைந்து, ஃப்ரிட்ஜைக் குறி வைத்துவிட்டுத் திரும்பினார். அடுத்து இவர் கம்பை மார்போடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூலையில் அழகாகவே திரும்பினார். கீழ் நுனி எங்கும் இடிக்கவில்லை. மேல் நுனி டியூப்லைட்டில் பட்டது.

கண்ணாடி ஹால் முழுக்கக் கொட்டியது. அறை இருண்டது. யாருக்கும் அடிபடவில்லை, பஜ்ஜிக்குத்தான் சேதம். ஆனால் அக்கா எழுந்துவிட்டார். பெண் பார்க்க வந்த இடத்தில் விளக்கு அணைந்து கண்ணாடியும் உடைந்தால் அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது. "நல்லா இல்லைங்க. மனசு ஒப்பல" என்று மட்டும் சொன்னார். வந்த வேன் கிளம்பிப் போய்விட்டது. ஒட்டடைக் கம்பைப் பிடித்தபடியே செவன் சிக்ஸ்டூ வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததை அவர் மனைவி மறுநாள் சுவரோரம் நின்று எனக்குச் சொன்னார். பவித்ரா அழவில்லையாம், சண்டை போடவில்லையாம். கண்ணாடியை எல்லாம் கூட்டி அள்ளிவிட்டு அப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்.

"அப்பா, நானூறு மீட்டர்ல யாருமே இல்லப்பா. நான் இங்க, உன் பக்கத்துலதான் நிக்கிறேன்."

அதற்குப் பிறகு அவருடைய நடை ஒரு மாதிரி ஆனது. முன்பு தெரு முனை வரை போவார், இப்போது கலெக்டர் ஆபீஸ் வரை போய்த் திரும்பினார். திரும்பியவர் கேட்டைத் திறந்து உள்ளே போவார், போன வேகத்தில் வெளியே வருவார். பால்காரரிடம் கேள்வி கேட்பதில்லை. பால்காரரே வருத்தப்பட்டு, "சார், நானூறு மீட்டர்ல இன்னிக்கு யாரும் நிக்கலியா?" என்று கேட்டுப் பார்த்தார். இவர் பாலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அவர் மேல் அடங்காத கோபம். ஒரு சாயங்காலம் கேட்டிலேயே மடக்கிப் பிடித்தேன். துருப்பிடித்த ஒரு துப்பாக்கிக்காகப் பெண் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டீர்களே, அது உங்களுக்கு என்ன சோறா போட்டது என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டின் கொக்கியைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"சேர்ந்தப்ப நான் ஒல்லிப்பிச்சான் மேடம். முதல் தடவை சுட்டப்ப அது உதைச்ச உதையில மல்லாக்க விழுந்தேன். மொத்த கும்பலும் சிரிச்சுது. ஊருக்கு ஓடிடலாம்னு இருந்தேன். அப்புறம் அதே துப்பாக்கியிலதான் சுடுற போட்டியில கப்பு வாங்கினேன். என் வாழ்க்கையில வேற எதுலயும் நான் ஃபர்ஸ்ட்டு வந்தது இல்ல. அதைப் போயி உலக்கைன்னா, என்னையே வேஸ்ட்டுனு சொல்றாப்ல இருக்குது."

எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் திட்டவும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து போளூருக்கு போன் போட்டேன். அக்கா பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வருகிறவர். இந்தத் தடவை மாமாவையும் தினேஷையும் கூட்டிக்கொண்டு வாங்கள், சாயங்காலமே நடக்க ஆரம்பித்தால் கூட்டம் கம்மியாக இருக்கும் என்றேன். கூட்டம் கம்மியாக இருக்கும் என்றது பச்சைப் பொய். பௌர்ணமியில் அப்படி ஒரு நேரமே கிடையாது.

பவித்ராவையும் அவள் அம்மாவையும் நான் அழைத்துக்கொண்டு போனேன். செவன் சிக்ஸ்டூ எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். அவர் கிரிவலம் போகிற விதமே தனி. முதுகில் ஒரு பட்டாளத்துப் பை, பை நிறைய மணல். எஸ்.எல்.ஆரும் அதன் தோட்டாக்களும் சேர்ந்து என்ன கனமோ அதே கனம். உடம்பு அந்தப் பாரத்தை மறந்துவிடக் கூடாதாம். வழியில் பார்க்கிற ஜனங்கள் ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள். அன்றும் ஒரு அம்மா சடாரென்று அவர் காலில் விழுந்தார். இவர் பதறிப்போய், இது ரைஃபிள் வெயிட்டு என்று சொன்னார். அந்த அம்மா பக்தியோடு, அது எந்தச் சாமிக்கு வேண்டிக்கொள்வது என்று கேட்டார்.

அடி அண்ணாமலையில் நான் காத்திருக்கச் சொன்ன டீக்கடை பெஞ்சில் மாமா முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அக்கா. எங்களைப் பார்த்ததும் தினேஷ் தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிறேன் என்று நழுவினான். பவித்ரா கிட்டே வராமல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேங்காய்க் கடை ஓரமாக அம்மாவோடு நின்றுவிட்டாள். செவன் சிக்ஸ்டூ நேராகப் பெஞ்சுக்கு எதிரில் போய் நின்றார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேரும் டீ ஆற்றுகிறவரையே பார்த்தார்கள். நான் என் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்.

மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. முதுகுப் பையைக் காட்டி, "இன்னும் இறக்கலியா அதை?" என்றார்.

"இறக்கறதுக்கா தூக்கினேன்?" என்றார் இவர். போச்சு என்று நினைத்தேன்.

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன்" என்றார் மாமா. "இந்தக் கூட்டத்துக்குள்ள கெட்டவன் ஒருத்தன் இருக்கான். உங்க கையில உங்க எஸ்.எல்.ஆர். சுடுவீங்களா?"

இவர் திரும்பி ரோட்டைப் பார்த்தார். தோளில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டு ஒருவர் போனார். கைகோத்துக்கொண்டு ஒரு குடும்பம் போனது, அதன் பின்னால் இன்னொரு குடும்பம், அதன் பின்னால் இன்னொன்று. ஓர் ஆளுக்குப் பின்னால் ஆள் இல்லாத இடமே இல்லை. தன் தோட்டா ஓர் ஆளோடு நிற்காது என்று எங்களுக்கெல்லாம் பெருமையடித்தவர் அவர்தான். அவர் பார்வை அந்த ஜனங்களை எல்லாம் தாண்டிப் போய் நின்ற இடத்தில் பவித்ரா இருந்தாள். துப்பட்டா நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுட மாட்டேங்க" என்றார். அதோடு விட்டிருக்கலாம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கஷாயம் குடித்த முகத்தோடு, "கார்பைன்தாங்க நல்லது. இங்க மட்டும் இல்ல. எல்லா இடத்துலயும்" என்றார்.

அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரும் என்று எங்கள் தெருவில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். அவர் கைகள் பையின் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன. மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குள் அக்கா புருஷனை முழங்கையால் இடித்தார். "நீங்க ஏவி விடாம அந்த லைட்டு உடைஞ்சிருக்குமா? பெரிய மனுசனை இப்படி நிக்க வெச்சுக்கிட்டு" என்றார். கோபமாகத்தான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

மாமா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"இங்க நல்லதுனு சொன்னீங்களே, அது சரி. எல்லா இடத்துலயும்னு சொன்னது பொய். மலையில உங்களுதுதான். அது எனக்கும் தெரியும். மூட்டையை இறக்கி வெச்சுட்டு உக்காருங்க சம்மந்தி."

சம்மந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குப் பையைக் கழற்றத் தெரியவில்லை. பட்டை சிக்கிக்கொண்டது. நானும் அக்காவும் சேர்ந்து கழற்றினோம். கீழே வைத்தபோதுதான் தெரிந்தது, அடேயப்பா என்ன கனம். தினேஷ் தண்ணீர் பாட்டிலோடு எங்கிருந்தோ முளைத்தான். அந்தப் பக்கம் பவித்ரா அப்பா உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தை மாசத்தில் கல்யாணம் ஆனது. முகூர்த்தம் முடிந்த கையோடு சம்மந்திகள் இருவரும் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்து, பனிமலையில் கார்பைன் செல்லுமா என்று ஆரம்பித்தார்கள். ரசம் ஊற்ற வந்தவர் இரண்டு இலைக்கும் நடுவில் காத்துக்கொண்டு நின்றார். எது நல்ல துப்பாக்கி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அடி அண்ணாமலை ரோட்டில் பெற்ற பெண்ணுக்காக ஒருத்தர் பொய் சொல்லப் போய், பாவம், அதையும் சரியாகச் சொல்ல வராமல் நின்றாரே, அதற்கப்புறம் அவரைச் சார் என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. அண்ணே என்றுதான் கூப்பிடுகிறேன்.